இடது முன்பல்

நாற்காலி பின்னால் சாய்ந்து என் கால் தலையைவிட உயரத்துக்குப் போன பிறகுதான், இந்தப் பெண் இதற்கு முன்னால் எத்தனை பேருக்குக் கிளிப் கழற்றியிருப்பாள் என்று கேட்காமல் விட்டுவிட்டேனே என்று தோன்றியது. உட்கார்ந்திருக்கும்போதே கேட்டிருக்கலாம். படுத்துக்கொண்டு கேட்டால் கெஞ்சுவதுபோல் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கிளிப் மாட்டியவர் டாக்டர் கிருபாகரன். நரைத்த மீசை, அவசரமில்லாத கை. இன்றைக்கு அவர் இல்லை. வரவேற்பில் கேட்டதற்கு, சார் ஊர்ல இல்லீங்க, நிமிஷா டாக்டர் பார்ப்பாங்க, அவங்களும் அதே படிப்புதான் என்று அங்கிருந்தவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பதினாறு வருஷமாக ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிறவள் நான். முகம் பார்க்காமல் வருகிற பதிலை எனக்குத் தெரியும். நான் பெட்டிக்குள் ஏறியதும் தூங்க ஆரம்பிப்பவனைத் தெரியும், அவன் கண்ணிமை மட்டும் தூங்காது. கேட்பதற்கு முன்பே டிக்கெட்டை நீட்டுகிறவனையும் தெரியும், அவனுடையதைத்தான் இரண்டு தடவை பார்க்கவேண்டும். சார் ஊரில் இல்லை என்றால் எந்த ஊரில் இருக்கிறார்? போன வாரம் எனக்கு இந்தத் தேதியைக் கொடுத்தபோது அவருக்கே தெரியாதா, தான் இருக்கமாட்டோம் என்று? மாட்டுவது பெரிய வேலை, அதைத் தன் கையால் செய்தார், கழற்றுவதுதானே, யார் செய்தால் என்ன என்று விட்டுவிட்டுப் போயிருப்பார். ஆனால் கழற்றுவதில்தான் ஆபத்து இருக்கிறது என்று நான் படித்திருக்கிறேன். வண்டி போத்தனூரில் சிக்னலுக்காக நின்ற இருபது நிமிஷத்தில் செல்போனில் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

டாக்டர் நிமிஷாவுக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதிருக்கும். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ், ஒவ்வொரு வாக்கியத்தையும் கொஞ்சம் மேலே தூக்கி முடிக்கிறாள். முகத்தில் மாஸ்க், அதற்கு மேல் கண்ணாடி, அதற்கும் மேல் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு. எனக்கும் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார்கள். உடைந்த துண்டு எகிறினால் கண்ணில் படக்கூடாது என்பதற்காக என்றாள். எகிறுமா என்று கேட்டேன். எகிறாமத்தான் பார்ப்போம் மேடம் என்றாள். அது பதிலா? மனிதர்களை நான் வாயை வைத்துத்தான் படிப்பேன். பொய் முதலில் உதட்டோரத்தில் வரும், பிறகுதான் கண்ணுக்குப் போகும். இவளுக்கு வாயே இல்லை, இரண்டு கண் மட்டும்தான், அதிலும் விளக்கின் வெள்ளை வட்டம் விழுந்து கிடக்கிறது. கீழ் வரிசைக்கு எனக்கு ஸ்டீல், மேல் வரிசைக்கு செராமிக். வெளியே தெரியாது என்பதற்காக நான்தான் அதைக் கேட்டு வாங்கினேன். பல் நிறத்திலேயே இருக்கும் பீங்கான் துண்டுகள், பல்லுக்கு ஒன்று, பிராக்கெட் என்பார்கள். ஸ்டீல் வளையும், குறடால் அழுத்தினால் மடங்கிக்கொண்டு வந்துவிடும், செராமிக் வளையாது, அதனால் மெதுவாகச் செய்யவேண்டும் என்று அவள் விளக்கினாள். ஒன்று பசையை விட்டு வரும், இல்லாவிட்டால் உடையும் என்றாள். ரொம்பப் பிடிவாதமாக ஒட்டியிருந்தால் பல்லின் மேல்பூச்சையே, எனாமலையே, பிய்த்துக்கொண்டு வரும் என்பதை அவள் சொல்லவில்லை. அது போத்தனூரில் படித்தது. ஏன் சொல்லவில்லை? தெரியாமலா, தெரிந்தா? தெரியாது என்றால் அவள் கையில் என் வாயைக் கொடுத்திருக்கக் கூடாது. தெரிந்தே சொல்லவில்லை என்றால் அதைவிட மோசம்.

கீழ் வரிசை பத்து நிமிஷத்தில் முடிந்தது. டப், டப் என்று ஒவ்வொன்றாக வந்து தட்டில் விழுந்தன. உதவிக்கு நின்ற ஜிஷா, நாற்பது வயதிருக்கும், கை கொஞ்சம் குளிர்ச்சி, எச்சில் உறிஞ்சும் குழாயை என் கன்னத்துக்குள் தொங்கவிட்டிருந்தாள். பிறகு மேல் வரிசை. முதலில் ஒவ்வொரு பிராக்கெட்டைச் சுற்றியும் வழிந்து இறுகியிருந்த பசையைச் சின்ன இயந்திரத்தால் சுரண்டி எடுத்தாள். தொண்டைப் பக்கம் ஒரு மெல்லிய துணியை விரித்து வைத்தார்கள், துண்டு உள்ளே போய்விடக்கூடாதாம். பற்களுக்கு நடுவே பஞ்சுருளையைக் கொடுத்து, அதை இறுக்கிக் கடித்தபடி இருக்கச் சொன்னாள். கடித்தேன். வலது ஓரத்திலிருந்து ஆரம்பம். குறடு அந்தத் துண்டின் இரண்டு பக்கத்தையும் பிடிக்கிறது, அழுத்துகிறது, எனக்குள் மண்டையோட்டில் ஏதோ நெரிகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒரு விடுதலை. வலியில்லை. வலி இல்லாததுதான் சந்தேகமாக இருக்கிறது. வலித்தால் எங்கே தப்பு என்று தெரியும். வலிக்காமல் நடக்கும் தப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? மனசுக்குள் எண்ணிக்கொண்டேன். வலது ஓரம் ஒன்று, அடுத்தது இரண்டு, அப்புறம் கோரைப்பல், அப்புறம் சின்னப் பல், அப்புறம் வலது முன்பல், அதற்கு அடுத்தது அது. அதைப் பற்றி நினைக்கக் கூடாது என்று முடிவு செய்துதான் வந்தேன். நாக்கு மட்டும் அதையே தேடிப் போகிறது. நாக்கு அசையாம இருக்கட்டும் மேடம் என்றாள் டாக்டர்.

முப்பத்தேழு வயதில் எதற்கு இந்த வேலை என்று என் கணவர் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். அவருக்கு என் பல் எப்போதும் என் பல்தான். எனக்கு அப்படி இல்லை. முன்னால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பக்கத்தில் உள்ளவை உள்ளே தள்ளி, சின்ன வயதிலிருந்தே வாயை மூடிச் சிரித்துப் பழகியவள். வேலைக்கு வந்த பிறகு அதுவும் தேவைப்படவில்லை. சிரிக்காத டிக்கெட் பரிசோதகரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மகுடேஸ்வரி மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்ட் என்றார்கள். கண்டிப்பு ஒன்றுமில்லை, பல். வாயை மூடி வைத்துக்கொண்டு ஒருத்தரைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும், அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள், மேடம் அவசரத்துல எடுக்கலீங்க மேடம் என்பார்கள். அது எனக்கு ஒரு திறமையாகவே ஆகிப்போனது. பிறகு அந்தத் திறமையை நானே நம்ப ஆரம்பித்தேன். பார்த்ததும் தெரிந்துவிடும் என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன். பார்த்ததும் தெரிந்துவிடும். என்ன தெரிந்தது உனக்கு, இருகூர் தாண்டி, காலை ஏழே முக்கால் வண்டியில்? இல்லை. அதைப் பற்றி இப்போது வேண்டாம். இரண்டாவது துண்டும் வந்துவிட்டது. இவள் கை நன்றாகத்தான் இருக்கிறது. அல்லது எனக்கு அப்படித் தெரியவேண்டும் என்று நினைக்கிறேனா?

கோரைப்பல்லில் குறடு அழுத்தியபோது சத்தம் மாறியது. நெரிகிற சத்தம் இல்லை, சின்னதாக ஒரு டிக். நகம் வெட்டும்போது வருமே, அது. டாக்டரின் கை நின்றது. விளக்கைக் கொஞ்சம் இழுத்துக் கிட்டே வைத்துக்கொண்டாள். ஜிஷா குனிந்து பார்த்து, டாக்டரே என்று ஏதோ ஆரம்பித்தாள். டாக்டர் அவளைப் பார்க்காமலே தணிந்த குரலில் சொன்னாள்: "இப்போ பறயண்டா."

இப்போது சொல்ல வேண்டாம். எனக்கு மலையாளம் தெரியும் என்பது இவர்களுக்குத் தெரியாது. பதினாறு வருஷத்தில் பாதி, பாலக்காட்டு வழியில் போய்வந்திருக்கிறேன். டிக்கெட் இல்லாதவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் கற்றுக்கொண்டேன், காதால் மட்டும், வாயால் அதிகம் பேசியதில்லை. எதை இப்போது சொல்ல வேண்டாம்? துண்டு உடைந்ததையா? உடைந்தால் உடைந்தது என்று சொல்லலாமே, உடையும் என்று முன்பே சொன்னவள்தானே. அப்படியென்றால் உடைந்தது துண்டு இல்லை. நாக்கை மேலே கொண்டுபோய்த் தொட்டுப் பார்க்கவேண்டும், பஞ்சும் துணியும் குழாயும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஒருவேளை என்னைப் பற்றியே இருக்காது. ஜிஷாவுக்கு வீட்டிலிருந்து போன் வந்திருக்கும், லீவு கேட்டிருப்பாள். ஆனால் என் வாய்க்குள் பார்த்துவிட்டு யாராவது லீவு கேட்பார்களா? கிருபாகரன் ஊரில் இல்லை, இப்போ பறயண்டா, டிக் சத்தம், கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசிய பெண். நான்கையும் வரிசையாக வைத்தால் ஒரு படம் வருகிறது. எனக்கு இது பழக்கம். நான்கு விஷயம் கிடைத்தால் படம் வரைந்துவிடுவேன். அன்றைக்கு அந்த வண்டியில் ஒருத்தி பார்வையை ஜன்னலுக்குத் திருப்புகிறாள், வாயைக் கைக்குட்டையால் மறைக்கிறாள், பாஸில் இருக்கும் முகம் குண்டு, இந்த முகம் ஒட்டி உலர்ந்தது, இறங்கணும் விடுங்க என்கிறாள். அதிலும் நான்கு விஷயம்தான். அதிலும் ஒரு படம் வந்தது. சின்னப் பல்லில் இருந்த துண்டும் வந்துவிட்டது. வலது முன்பல்லில் குறடு ஏறிவிட்டது. அதற்கு அடுத்தது அது.

இருகூர் தாண்டி அது நடந்து எட்டு மாசம் ஆகிறது. மழைக்காலம், பெட்டி முழுக்க ஈர வாசனை. சீசன் டிக்கெட் வைத்திருந்தாள், பெயர் அமுதவல்லி, வயது இருபத்தேழு, கோயம்புத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை என்று பிறகு தெரிந்தது. அடையாள அட்டையில் இருந்த போட்டோவுக்கும் அவளுக்கும் ஒட்டவே இல்லை. அக்காவின் பாஸ், இல்லாவிட்டால் தோழியின் பாஸ் என்று எனக்கு உடனே பட்டது. உன் பாஸ்தானா என்றேன். ஆமாங்க என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். வேறு ஏதாவது அட்டை காட்டு என்றேன். பீளமேடு வந்துவிட்டது, இறங்கவேண்டும், இன்றைக்கும் தாமதமானால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்றாள். எழுந்தவளின் தோள்பையை நான் பிடித்தேன். பிடிக்க எனக்கு உரிமையில்லை. ஆளை நிறுத்தலாம், கேள்வி கேட்கலாம், பையில் கைவைக்கக் கூடாது. அவள் இழுத்தாள். நான் அவளைவிடப் பலமாக இழுத்தேன். வார் அவள் கையை விட்டு வழுக்கியது, பை முழு வேகத்தில் என் முகத்துக்கு வந்தது, உள்ளே எவர்சில்வர் டிபன் கேரியர் இருந்தது. வாயில் ரத்தம். மேல் இடது முன்பல்லில் இருந்த பிராக்கெட் கழன்று நாக்கில் கிடந்தது. பெட்டியில் இருந்தவர்கள், டிக்கெட் கேட்ட அம்மாவை அடிச்சுட்டா என்று எழுந்துவிட்டார்கள். இரண்டு ஆட்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிளாட்பாரத்தில் போலீஸ்காரர் வந்தார். நான் உதட்டில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு நின்றேன். இல்லை, அவள் அடிக்கவில்லை என்று அப்போது என்னால் சொல்லியிருக்க முடியும். வாயில் ரத்தம் இருந்தாலும் தலையை ஆட்டியாவது சொல்லியிருக்கலாம். நாற்பது நிமிஷம் அவளை உட்காரவைத்தார்கள். கடைசியில் பையின் அடியிலிருந்து ஆதாரை எடுத்தாள். அதே பெயர், அதே எண், நெற்றியில் அதே தழும்பு. மஞ்சள்காமாலை வந்து ஆறு மாசம் படுக்கையில் கிடந்தேங்க, அதனாலதான் இப்படி ஆயிட்டேன் என்றாள். கைக்குட்டை, இருமலுக்காக. விட்டுவிடுங்கள், புகார் வேண்டாம் என்று நான் சொன்னேன். மேடத்துக்குப் பெரிய மனசு என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னார்கள். அதை நான் மறுக்கவில்லை. அன்றைக்குப் பிறகு அந்த வண்டியில் அவளைப் பார்க்கவில்லை. பெண்கள் பெட்டியிலும் தேடிப் பார்த்துவிட்டேன். வேறு வண்டியில் போகிறாளோ, வேலை போய்விட்டதோ. தேடிக் கேட்பதற்கு எனக்கு ஒரு பெயரும், ஏதோ ஒரு ஸ்கேன் சென்டர் என்பதும்தான் இருக்கிறது. வீட்டில் கேட்டதற்குக் கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன். டாக்டர் கிருபாகரனிடம் முறுக்கு சாப்பிட்டேன், கழன்றுவிட்டது என்றேன். கெட்டியானதைத் தொடாதீர்கள் என்று முதல் நாளே சொன்னேனே என்று கோபித்துக்கொண்டு, அதே பல்லில் புதிதாக ஒன்றை ஒட்டிவிட்டார். அந்தக் கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கி ஒட்டினார் என்று எனக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம். பல் ஒரு வாரம் ஆடியது. பிறகு நின்றுவிட்டது. ஆனால் கண்ணாடி முன்னால் நின்று செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால், ஈறிலிருந்து கீழே பாதி தூரத்துக்கு ஒரு கோடு தெரிகிறது. தலைமுடி ஒட்டின மாதிரி. தேய்த்தால் போகாது.

வலது முன்பல்லும் முடிந்தது. குறடு அதற்கு அடுத்ததன் மேல் வந்தது, பிடித்தது, அழுத்தவில்லை. எடுத்துவிட்டாள். சின்னக் கண்ணாடியால் பல்லின் உள்பக்கம் பார்த்தாள். மறுபடி விளக்கை நகர்த்தினாள். ஜிஷா என் கார்டைத் திருப்பி, எட்டு மாசம் முன்னால மறுபடி ஒட்டியிருக்கு டாக்டரே, காரணம் முறுக்கு என்று வாசித்தாள். டாக்டர் என் வாயிலிருந்து பஞ்சையும் துணியையும் எடுத்தாள். "மேடம், இந்தப் பல்லுல எப்பவாச்சும் அடி பட்டிருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்ற சொல் எனக்குத் தயாராக இருந்தது. எட்டு மாசமாகத் தயாராக இருக்கிறது, வாயைத் திறந்தால் தானாகவே விழுந்துவிடும். எதற்குக் கேட்கிறாள்? தான் ஏதோ செய்துவிட்டு, அடிபட்ட பல் என்று எழுதித் தப்பிக்கவா? கோரைப்பல்லில் டிக் என்று கேட்டதே, அதை மறைக்க இந்தக் கேள்வியா? கேள்வி கேட்பவள் நான். கேட்டுத்தான் எனக்குப் பழக்கம், கேட்கப்பட்டு அல்ல. வாயில் தேங்கியிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, என் நாக்கு இதுவரை சரியாக உச்சரித்தே பார்த்திராத மலையாளத்தில் கேட்டேன்: "எந்தா இப்போ பறயண்டாத்தது?"

ஜிஷாவின் கையில் இருந்த குழாய் அப்படியே நின்றது, காற்றை உறிஞ்சிக்கொண்டு. டாக்டர் முகத்தடுப்பைத் தூக்கினாள், பிறகு மாஸ்க்கைக் கீழே இறக்கினாள். அப்போதுதான் அவள் வாயைப் பார்த்தேன். சின்ன வாய். உதட்டோரம் அசையவில்லை. கோரைப்பல்லில் கடுகில் பாதி அளவுக்கு எனாமல் பெயர்ந்துவிட்டது என்றாள். நிதானமாக, தமிழில் சொன்னாள். பசையைச் சுற்றிலும் எடுத்த பிறகும் அந்த ஓரத்தில் பிடிப்பு அதிகமாக இருந்தது, தான் இன்னும் கொஞ்சம் சுரண்டியிருக்கவேண்டும், அது தன் தப்பு என்றாள். நடுவில் சொன்னால் நான் பயந்து தலையை அசைப்பேன், முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்ததாகவும், அந்த இடத்தைப் பல் நிறப் பசையால் மூடிவிட முடியும் என்றும் சொன்னாள். கண்ணாடியைக் கொடுத்து எந்த இடம் என்று காட்டினாள். ஓரத்தில், பார்த்தால்தான் தெரியும், மங்கலாக ஒரு குழி. முடித்துவிட்டுச் சொல்லியிருப்பாளா? தெரியாது. இனி தெரிந்துகொள்ள வழியும் இல்லை, நான் முந்திக்கொண்டுவிட்டேன். ஆனால் அவள் சொன்னாள். என் தப்பு என்று, இருக்கையில் மல்லாந்து கிடக்கும் ஒருத்தியிடம், உதவிக்காரி பக்கத்தில் நிற்கும்போதே சொன்னாள். சண்டை போட நான் எடுத்து வைத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டது. பிளாட்பாரத்தில் நாற்பது நிமிஷம் இருந்ததே, அதில் ஒரு நிமிஷம் போதும் இதைச் சொல்வதற்கு. சண்டைக்கு எடுத்த குரலிலேயே, அடி பட்டது என்று சொன்னேன். முறுக்கு இல்லை, டிபன் கேரியர், எட்டு மாசம் முன்னால், பல் ஒரு வாரம் ஆடியது, உள்ளே ஒரு கோடு இருக்கிறது என்று சொன்னேன்.

"யாராவது அடிச்சாங்களா?" என்று அவள் கேட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது. என்னை வீட்டில் அடிபடுகிறவள் என்று நினைத்திருப்பாள். அவளுக்கும் ஒரு படம் வந்துவிட்டது. "யாரும் அடிக்கலை. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை. அவ பையை நான்தான் இழுத்தேன்," என்றேன். சொன்ன பிறகு அறை அப்படியே இருந்தது. விளக்கு எரிந்தது, குழாய் உறிஞ்சியது. எந்தப் பெண் என்று இருவரும் கேட்கவில்லை. ஜிஷா கார்டில் ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று எட்டிப் பார்க்கப் போனேன், நாற்காலி விடவில்லை. நீங்க சொன்னது உபகாரம் மேடம் என்றாள் டாக்டர். ஏற்கெனவே கோடு விழுந்த பல்லைக் குறடால் அழுத்தினால் அந்தக் கோடு கீழ்வரைக்கும் ஓடியிருக்கலாம், பாதியாகவே போயிருக்கலாம் என்று, எதையும் குறைக்காமல் சொன்னாள். அதனால் இந்த ஒன்றை அழுத்தி எடுக்கப் போவதில்லை, பீங்கானை அப்படியே அரைத்து எடுத்துவிடலாம், நேரம் பிடிக்கும், சூடு ஏறாமல் இருக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்போம், பல்லில் சூடோ கூச்சமோ தெரிந்தால் உடனே கையைத் தூக்குங்கள் என்றாள். நான் அவளைக் கேட்டேன், இப்படி அரைத்து எத்தனை எடுத்திருக்கிறாய் என்று. நீ என்று கேட்டுவிட்டேன், ரயிலில் கேட்பதுபோல. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கழற்றினது நிறைய, இதுபோல முழுசா அரைச்சு எடுத்தது ஆறு, இது ஏழாவது என்றாள். ஆறு. ஐம்பது என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

மறுபடி சாய்ந்தேன். துணி, பஞ்சு, குழாய். இயந்திரத்தின் சத்தம் மெல்லிய விசில்போல் ஆரம்பித்து என் நெற்றிக்குள் போய் நின்றுகொண்டது. தண்ணீர் தூறலாக முகத்தில் விழுந்தது. கொஞ்சம் அரைப்பாள், நிறுத்துவாள், காற்று அடிப்பாள், பார்ப்பாள், மறுபடி. வாயில் சுண்ணாம்புத் தூள் மாதிரி ஒரு சுவை, அதைக் குழாய் இழுத்துக்கொண்டது. ஒவ்வொரு முறை அவள் நிறுத்தும்போதும், இதோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அவள் தொடர்ந்தாள். சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு லேசாகவில்லை. சொன்னது இங்கே, இந்த இரண்டு பேரிடம். பீளமேட்டில் அந்தப் போலீஸ்காரருக்கு இன்னும் தெரியாது. என் ஆபீஸுக்குத் தெரியாது. ஸ்கேன் சென்டர்கள் எத்தனை இருக்கும் அந்தப் பகுதியில், நான்கா, ஐந்தா, நடந்துபோய்க் கேட்கலாம், அமுதவல்லி என்று யாராவது வேலை செய்தார்களா என்று. கேட்டால் என்ன சொல்வார்கள்? நீங்க யாரு என்பார்கள். அந்தக் கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்லவேண்டும், படுத்துக்கொண்டு அல்ல. அப்போது பல்லுக்குள் சுருக்கென்று ஒரு சூடு. என் இடது கையைத் தூக்கினேனா என்று நான் யோசிப்பதற்குள் இயந்திரம் நின்றுவிட்டது. நான் தூக்கியிருக்கிறேன், அவள் பார்த்திருக்கிறாள். தண்ணீரை அதிகமாக்கச் சொன்னாள். பொறுத்துப் பொறுத்துச் செய்தாள். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். மீதிப் பற்களைக் குறடால் எடுத்தாள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓரத்துப் பசையை முன்பைவிட அதிக நேரம் சுரண்டினாள். கோரைப்பல் அவளுக்கும் நினைவில் இருந்தது. எல்லாம் முடிந்து, ஒட்டியிருந்த பசையை வழித்து, பற்பசை மாதிரி எதையோ வைத்துத் தேய்த்து, நாற்காலியை நிமிர்த்தினாள்.

கண்ணாடியில் பார்த்தேன். நேரான பற்கள். வேறு யாருடைய வாயோ போல் இருந்தது. இடது முன்பல்லில் கோடு இருக்கிறது, நீளவில்லை. அவள் ஒரு சின்ன விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று காட்டினாள், நான் குளியலறையில் செய்வதுபோலவே. ஆறு மாசத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும், பல் நிறம் மாறினால் உடனே வரவேண்டும், அந்தப் பல்லால் எதையும் கடித்து இழுக்கக் கூடாது என்றாள். போகிற பல்லா, நிற்கிற பல்லா என்று கேட்டேன். இப்ப நிக்குது, பின்னால எப்படின்னு என்னால உறுதி சொல்ல முடியாது மேடம் என்றாள். கோரைப்பல்லை வியாழக்கிழமை சரிசெய்துவிடலாம், அதற்குத் தனியாக ஒன்றும் வாங்கமாட்டார்கள், டாக்டர் கிருபாகரன் வந்ததும் நடந்ததைத் தானே அவரிடம் சொல்லிவிடுவதாகவும் சொன்னாள். அவர் எங்கே போயிருக்கிறார் என்று கேட்டேன். திருநெல்வேலியில் அவருடைய மாமனார் இறந்துவிட்டாராம், நேற்று ராத்திரிதான் தகவல் வந்ததாம். ஆனாலும் வெளியே போனதும் அந்த வரவேற்புப் பெண்ணிடம் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம், எந்த ஊர் என்று.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. கழற்றிய பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகப் பார்க்கும், அதனால் ராத்திரி போட்டுக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தகடு செய்யவேண்டும், அதற்கு அளவு எடுக்கவேண்டும் என்றார்கள். ஜிஷா ஒரு கிண்ணத்தில் இளஞ்சிவப்புப் பொடியைத் தண்ணீர் விட்டு வேகமாகக் குழைத்துக்கொண்டிருந்தாள். மேஜையில் லாடம் மாதிரி ஒரு தட்டு இருந்தது. அதில்தான் குழைத்ததை நிரப்பி வாயில் வைப்பார்களாம். இது புதுசா, வேறு யாருக்காவது வைத்ததா என்று கேட்டேன். கேட்ட பிறகு கொஞ்சம் வெட்கமாக இருந்தது, ஆனால் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் மேஜையில் இருந்ததை ஒதுக்கிவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒட்டியிருந்த உறை ஒன்றை எடுத்து, என் கண்முன்னால் கிழித்து, உள்ளே இருந்த தட்டை வெளியே எடுத்தாள். ஜிஷா அதில் குழைத்ததை நிரப்பினாள். இது இறுகுவதற்கு இரண்டு நிமிஷம் ஆகும், வாந்தி வருகிற மாதிரி இருந்தால் மூக்கால் மூச்சு விடுங்கள், பயப்படவேண்டாம் என்றாள் டாக்டர். மாஸ்க்கை அவள் மறுபடி போட்டுக்கொண்டிருக்கவில்லை. நான் அவள் உதட்டோரத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தேன். சில்லென்று, சேறுபோல், அண்ணம் முழுக்க நிரம்பியது. கடிங்க என்றாள். கடித்தேன்.